அப்பாவின் 555 நோட்டும் 96 எக்ஸ்டென்ஷன் ஒயரும்

2023 பொங்கல் முடிந்து நாலாம் நாள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில், ஒரு பெரியம்மா வீட்டுக் குசினிக்குப் பின்னால், ஈரச் சிமெண்டுத் தரையில் குந்தியிருந்தேன். எதிரில் ஒயர்மேன் அண்ணன். அவர் கையில் இருந்தது என் வேனில் வந்து, தோட்டத்துக் கடைக்குப் போய், அங்கிருந்து அந்த வீட்டுக்கு வந்த எக்ஸ்டென்ஷன் ஒயர். பெட்டியைக் கவிழ்த்து நாலு திருகாணியையும் கழற்றினார். மூன்று ஓட்டைக்கும் பித்தளைத் தகடு இருந்தது. நடுத்தகட்டில், அதாவது எர்த் தகட்டில், எந்த ஒயரும் சேரவில்லை. சும்மா கிடந்தது. சரி, கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கத்தியை எடுத்து ஒயரின் வெள்ளை உறையைக் கீறிக் காட்டினார். பழுப்பு ஒன்று, நீலம் ஒன்று. பச்சை மஞ்சள் ஒயர் இல்லவே இல்லை. பிளக்குக்கு மூன்று கால், உள்ளே ஓடியது இரண்டே ஒயர்.

பிளக்கையும் திருப்பிக் காட்டினார். நல்ல பிளக்கில் கீழ்க்கால் இரண்டுக்கும் பாதி வரை கறுப்பு உறை இருக்கும். மேலே இருக்கும் எர்த் கால் முழுக்கப் பித்தளையாக இருக்க வேண்டும். இதில் மூன்று காலுக்கும் உறை. "பாத்தியா தம்பி, செஞ்சவனுக்கு எர்த் எதுக்குன்னே தெரியல. இல்ல, தெரிஞ்சே செஞ்சிருக்கான்" என்றார்.

பெரியம்மாவின் துணி துவைக்கும் மிஷின் பழசு. உள்ளே எங்கோ மின்சாரம் கசிந்து இரும்பு உடம்பு வரை வந்திருக்கிறது. எர்த் ஒயர் இருந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே மண்ணுக்குப் போயிருக்கும். இங்கே அதற்குப் போக வழியில்லை. ஈரக்கையோடு, செருப்பில்லாமல், ஈரத்தரையில் நின்று மூடியைத் திறந்த பெரியம்மாவே அந்த வழியாகிவிட்டார். பின்னால் தூக்கிப் போட்டதில் துணிக் கூடை மேல் விழுந்தார். இடது கை முழங்கை வரை இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். மூன்று வயதுப் பேத்தி அப்போது வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் முன்னால் அது அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டுதான் நின்றதாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கசிவு வந்தால் தானே விழ வேண்டிய பிரேக்கரை அந்த வீட்டில் யாரோ முன்பே வேலை செய்யாதபடி நேராக இணைத்துவிட்டிருந்தார்கள், அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது என்று. மிஷினும் பழசு. ஆகவே தப்பு ஒரே இடத்தில் இல்லை. இதைச் சொல்லி என்னைத் தேற்றியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு வீட்டில் மூன்று தடுப்பு இருந்து இரண்டு முன்பே உடைந்திருந்தால், மூன்றாவதைத்தான் நான் விற்றேன். அது வேலை செய்திருந்தால் பெரியம்மா விழுந்திருக்க மாட்டார்.

என் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். ஈப்போவிலும் கிள்ளானிலும் மொத்தமாக வாங்கி, ஒரு வேனில் ஏற்றி, இங்கிருந்து கோலகங்சார் வரைக்கும் உள்ள சின்ன டவுன், தோட்டம், தாமான் (குடியிருப்புப் பகுதி) கடைகளுக்குப் போடுகிறேன். பிளாஸ்டிக் சாமான், பேட்டரி, டார்ச், கொசுவர்த்தி, சோப்பு, விளையாட்டுச் சாமான், தீபாவளி நேரத்தில் சரவிளக்கு. அப்பா இதையே முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் செய்தார், லயத்துக்கு லயம், அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளுக்கு, சம்பள நாளைக் கணக்குப் பார்த்து. அன்றைக்குப் பால்மரம், இன்றைக்குச் செம்பனை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் நம்மவர்கள், இன்றைக்குப் பாதி வீட்டில் வங்காளதேசத்துத் தம்பிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியக்காரர்களும்.

அந்த ஒயரை நான் வாங்கியது 2022 தீபாவளிக்கு முந்தைய வாரம். நாலு பெட்டி, பெட்டிக்கு 24. ஒன்று ஒன்பதரை வெள்ளி (ரிங்கிட்). கடைக்கு 12-க்குக் கொடுத்தேன், கடைக்காரர்கள் 17 வெள்ளி வரை விற்றார்கள். பேர் போன கம்பெனி ஒயர் அப்போது 25-க்கு மேல். ஒவ்வொன்றிலும் சிரிம் ஒட்டி, அதாவது இந்த நாட்டுத் தரச் சோதனை நிறுவனத்தின் ஒட்டி, இருந்தது. ஒட்டி இருக்கிறது, போதும் என்று ஏற்றிவிட்டேன். பெரியம்மா வீட்டில் இருந்து திரும்பி, என் கடையில் மிச்சமிருந்த ஒன்பதையும் விளக்கடியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒன்பது ஒட்டியிலும் ஒரே எண். ஒட்டியில் இருப்பது வரிசை எண். ஒன்றுக்கு ஒன்று மாற வேண்டும். ஒரே ஒட்டியை நகல் எடுத்து எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்றே இரண்டு ஒயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

வாங்கின இடத்துக்குப் போனேன். பில்லில் 'ரொக்கம்' என்று ஒரு சொல், தொகை, தேதி. கம்பெனி பேர் இல்லை, பதிவு எண் இல்லை. அட்டைப் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பேர் இல்லை. "அண்ணே, பெட்டியில வந்துச்சு, பெட்டியோட குடுத்தேன். எனக்கு என்ன தெரியும்?" என்றார். அவருக்குக் கொடுத்தவர் கடையையே மூடிவிட்டுப் போய்விட்டாராம். எனக்குக் கோபம் வந்தது. வேனில் திரும்பி வரும்போது கோபம் அடங்கி வேறு ஒன்று தோன்றியது. அவர் சொன்ன அதே வார்த்தையைத்தானே நானும் தோட்டத்துக் கடைக்கார அக்காவிடம் காலையில் சொன்னேன்?

மறுநாள் உள்நாட்டு வாணிப அமைச்சு அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, சின்ன வயசுப் பெண், மலாயில் மூன்று கேள்வி கேட்டார். எங்கே வாங்கினீர்கள்? எத்தனை மிச்சம் இருக்கிறது? மற்றதெல்லாம் யார் கையில் இருக்கிறது? முதல் கேள்விக்குப் பேர் இல்லாத ஒரு பில் மட்டும் இருந்தது. இரண்டாவதற்கு 'ஒன்பது' என்றேன். மூன்றாவதற்கு வாயே திறக்க முடியவில்லை. பதினொரு கடைக்குப் போட்டேன் என்று தெரியும். எந்தக் கடைக்கு எத்தனை என்று தெரியாது. கடையில் இருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

இதில் என்னை உறுத்தியது, நாங்கள் எழுதி வைக்காத குடும்பம் இல்லை என்பது. அப்பாவிடம் 555 நோட்டு இருந்தது. இந்த நாட்டில் சில்லறைக் கடை வைத்த யாருக்கும் அந்தச் சின்ன நோட்டைத் தெரியும். எந்த லயம், எத்தனாவது வீடு, யார், எத்தனை காசு பாக்கி என்று ஐந்து காசு வரை எழுதியிருப்பார். பாட்டி இன்னும் ஒரு படி மேல். அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, துண்டு துண்டாக விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கலாம் என்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னபோது பாட்டியும் கட்டினார். அந்த ரசீதுகளைச் சாமி படத்துக்குப் பின்னால் சாகும் வரை வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. எங்களுக்கு வர வேண்டியதை எல்லாம் எழுதினோம். நாங்கள் கொடுத்தது எங்கே போனது என்பதை மட்டும் மூன்று தலைமுறையாக எழுதவில்லை.

தேடக் கிளம்பினேன். 96-இல் என் கடையில் ஒன்பது, பதினொரு கடை அலமாரியிலும் சேர்த்து 14. மிச்சம் 73 வீடுகளில் இருந்தது. வாட்ஸ்அப்பில் படம் பிடித்துக் குரல் பதிவு போட்டேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மாரியம்மன் கோயிலில் தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் பெற்றோர் குழுவில் அனுப்பினார். முதல் வாரத்தில் வந்தது ஆறே ஆறு.

ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போனபோதுதான் புரிந்தது. 'ஒயரைக் கொண்டு வாருங்கள், காசைத் திருப்பித் தருகிறேன்' என்றுதான் நான் அறிவித்திருந்தேன். ஒயரைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி ஃபேன் ஓடாது. பழைய லயத்து வீட்டில் ஒரு அறைக்கு ஒரு பிளக் இருந்தாலே பெரிசு. பதினேழு வெள்ளியை வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போய் வேறு ஒயர் வாங்கி வர மோட்டார் சைக்கிளும் நேரமும் வேண்டும். ஒரு அக்கா நேராகவே சொன்னார்: "தம்பி, நாலு மாசமா ஓடுது, எங்களுக்கு ஒண்ணும் ஆகல. நீ சும்மா பயப்படற." அதன் பிறகு நல்ல ஒயராக ஐம்பது வாங்கி வேனில் போட்டுக்கொண்டு போனேன். பழசைக் கொடுங்கள், புதுசை இப்போதே மாட்டித் தருகிறேன். அன்றைக்கு ஒரே மாலையில் 13 கிடைத்தது.

வங்காளதேசத்துத் தம்பிகள் குடியிருக்கும் வரிசைக்குச் செய்தியே போகவில்லை. போயிருக்கவும் முடியாது. கோயிலில் தமிழில் சொன்னது, பள்ளிக் குழுவில் தமிழில் போனது. அவர்களிடம் போய் என் உடைந்த மலாயில் சொல்லி, கீறிய ஒயரைக் காட்டியதும், ஒருவர் உள்ளே போய் மூன்று எடுத்து வந்தார். ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, கடைசியில் சோற்றுச் சட்டி, கெட்டில், இரண்டு கைப்பேசி. ஒயர் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. 13 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 3000 வாட். ஒரு கெட்டிலே இரண்டாயிரம் வாட் வரை இழுக்கும். உள்ளே இருந்த செம்புக் கம்பி இழைகளை விரலில் பிரித்துப் பார்த்தேன். தலைமுடி மாதிரி, எண்ணிக்கையும் குறைச்சல். அங்கே ஷாக்குக்கு முன்னால் தீ வந்திருக்கும். 12 பேர் தூங்கும் அறை அது.

2016-இல் சாம்சுங் கம்பெனியின் கேலக்ஸி நோட் 7 கைப்பேசியில் பேட்டரி தீப்பிடித்து, முதலில் 25 லட்சம் கைப்பேசியைத் திரும்ப அழைத்து, பிறகு அந்த மாடலையே நிறுத்தினார்கள். கைப்பேசிக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, வாங்கியவர் யார் என்று பெரும்பாலும் தெரியும். அப்படி இருந்தும் எத்தனை பாடு. பேரில்லாத ஒயருக்கு யார் அறிவிப்பு விடுவார்கள்? தயாரித்தவர் எங்கோ இருக்கிறார், இறக்குமதி செய்தவர் யார் என்றே தெரியவில்லை. அந்த 73 வீட்டுக்கும் வழி தெரிந்தவன் நடுவில் இருக்கும் நான் ஒருவன்தான். வாங்கி விற்பவன் என்றால் சும்மா கைமாற்றி விடுபவன் என்று நம் தொழிலில் சொல்வார்கள். பொருள் நல்லதாக இருக்கும் வரை அது சரி. பொருள் கெட்டது என்று தெரிந்த நிமிஷத்தில் இருந்து, திரும்பி நடந்து போக முடிந்த ஒரே ஆள் அந்தக் கைமாற்றி விடுபவன்தான்.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அந்த அதிகாரி சொன்ன பிறகு உட்கார்ந்து படித்தேன். 1999-ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். குறைபாடு உள்ள பொருளால் ஒருவருக்குக் காயமோ வீட்டுச் சொத்துக்குச் சேதமோ வந்தால் யார் பொறுப்பு என்று 68-ஆம் பிரிவில் இருக்கிறது. தயாரித்தவர் பொறுப்பு. தன் பேரையோ முத்திரையையோ ஒட்டித் தானே தயாரித்தது போல விற்றவரும் பொறுப்பு. வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்தவரும் பொறுப்பு. இதோடு முடிந்தால் எனக்குக் கவலை இல்லை. அடுத்த வரிதான் எனக்கானது. பாதிக்கப்பட்டவர் வந்து, இதை உனக்கு யார் கொடுத்தது என்று நியாயமான காலத்துக்குள் கேட்டு, நான் சொல்ல முடியாமல் போனால், பொறுப்பு என் தலையில் விழும். தயாரித்தவர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன். 'ரொக்கம்' என்று மட்டும் எழுதிய அந்தப் பில்லுக்கு அர்த்தம் இதுதான். ஐம்பது காசு வரி மிச்சம், தள்ளுபடி என்று நினைத்து வாங்கும் பேரில்லாத பில்.

அதே சட்டத்தில் பொருள் பாதுகாப்புக்குத் தனிப் பகுதி உண்டு. நியாயமான அளவுக்குப் பாதுகாப்பில்லாத பொருளை விற்கக் கூடாது, விற்பதாகச் சொல்லவும் விளம்பரம் செய்யவும் கூடாது. ஆபத்தான பொருளைத் தடை செய்து, திரும்பப் பெற்றுக் காசைக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. தெரியாமல் விற்ற சில்லறைக் கடைக்காரருக்கு ஒரு தற்காப்பு வைத்திருக்கிறார்கள், அதுவும் சந்தேகப்பட நியாயமான காரணம் எதுவும் இல்லாமல் இருந்தால். எனக்குக் கொடுத்த விலையே ஒரு காரணம்தான். 25 வெள்ளிச் சரக்கை ஒருவர் ஒன்பதரைக்குத் தருகிறார் என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

மின்சாரச் சாமானுக்கு இதற்கு மேல் 1994-ஆம் வருஷத்து மின்சார விதிமுறைகள் இருக்கின்றன. பிளக், எக்ஸ்டென்ஷன், கெட்டில், அயர்ன், ஃபேன் போன்ற வீட்டுச் சாமான்களுக்கு எரிசக்தி ஆணையத்தின் அனுமதிச் சான்றிதழ் வேண்டும். இறக்குமதி செய்தவரோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை, அனுமதி இல்லாததை விற்பவரும் குற்றவாளிதான். இதை நம் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் 22 வருஷத் தொழிலில் அன்றுதான் தெரிந்தது.

பெரியம்மாவின் மகன் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று என்னிடமே கேட்டார். நானே விவரம் சொன்னேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமல், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் உடம்பில் பட்ட காயத்துக்கான வழக்கு அங்கே எடுபடாது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். நான் என் மொத்த வியாபாரி மேல் அங்கே போக முடியாது. விற்பதற்காக வாங்கியவன் பயனீட்டாளர் கணக்கில் வரமாட்டான். கடைசியில் ஆஸ்பத்திரிச் செலவும், இரண்டு வாரம் வேலைக்குப் போகாத சம்பளமும், ஒரு புது மிஷினும் கொடுத்தேன். பெரியம்மா மிஷினை வாங்க மாட்டேன் என்றார். "உன் அப்பன் எங்களுக்குக் கடன் குடுத்து அரிசி போட்டவன்டா" என்றார். அந்த வார்த்தை என்னை இன்னும் கூனிப்போக வைத்தது. ஒயர்மேன் அண்ணன் பிரேக்கரைச் சரி செய்து, எர்த் கம்பியைச் சோதித்து, அதற்குப் பிறகுதான் மிஷினை மாட்டினோம்.

ஒயர் மட்டும் இல்லை. அந்த மாதம் முழுக்க என் வேனில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். விளையாட்டுச் சாமானுக்கு எம்சி முத்திரை, அதாவது பாதுகாப்புத் தரத்துக்குச் சரி என்று காட்டும் முத்திரை, வேண்டும். என்னிடம் இருந்த பாட்டுப் பாடும் பொம்மைகளில் ஒரு வகைக்கு அது இல்லை. அதன் பின்மூடி திருகாணி இல்லாமல் நகத்தால் நெம்பினாலே திறந்தது, உள்ளே பொத்தான் பேட்டரி மூன்று. பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்கும். அப்படியே கட்டி வைத்தேன். முகம் வெளுக்கும் கிரீமை நான் எடுப்பதில்லை, ஆனால் இரண்டு கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், லயத்துப் பெண்கள் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்குகிறார்களாம். பாதரசம் கலந்த கிரீம் இந்த நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. சுகாதார அமைச்சின் அறிவிப்பு எண் இல்லாததை அலமாரியில் வைக்காதீர்கள், எண் இருந்தாலும் இணையத்தில் போட்டுப் பாருங்கள் என்று சொல்லி வருகிறேன்.

மாற்றி அடைக்கும் பழக்கம் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரிய கேனில் வாங்கிய வெளுப்பு மருந்தையும் தரை கழுவும் மருந்தையும் மினரல் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளிக்குக் கொடுப்போம். ஏழைக்குச் சின்ன அளவு கிடைக்கட்டும் என்று அப்பா ஆரம்பித்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் உள்ள பயங்கரத்தை விளக்க வேண்டியதில்லை. களைக்கொல்லி பாராகுவாட்டைக் குடிபானப் போத்தலில் ஊற்றி வைத்து, தெரியாமல் எடுத்துக் குடித்துப் போன உயிர்களைப் பற்றிப் பேசாத தோட்டம் இல்லை. 2020-இல் அதை இந்த நாட்டில் தடை செய்தார்கள். போத்தல் பழக்கத்தை யாரும் தடை செய்ய முடியவில்லை. கேனில் இருந்து போத்தலுக்கு மாற்றும்போது எச்சரிக்கை எழுத்து எல்லாம் கேனிலேயே நின்றுவிடுகிறது. அதை அங்கே நிற்க விட்டவன் நான். இப்போது கம்பெனியே அடைத்து வரும் சின்னப் போத்தலை மட்டும்தான் எடுக்கிறேன். ஒரு போத்தலுக்கு எண்பது காசு கூடுதல். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு, அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஊற்றிக் கொடுக்க மாட்டேன்.

சித்தப்பா மகன் ஒருவன், பாத்திரம் கழுவும் சோப்பை மொத்தமாக வாங்கி எங்கள் குடும்பப் பேரில் ஒட்டி போட்டு விற்கலாம் என்று யோசனை சொன்னான். பேரை ஒட்டினால் தயாரித்தவனுக்கு உள்ள பொறுப்பு முழுக்க நம்முடையது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தெரியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்றான்.

இப்போது வீட்டில் மறுபடியும் 555 நோட்டு இருக்கிறது. என் மனைவி எழுதுகிறாள். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பக்கம். யாரிடம், எந்தத் தேதி, எந்தப் பில் எண், பெட்டியில் உள்ள தொகுதி எண், இறக்குமதி செய்தவர் பேர். அடியில் எந்தக் கடைக்கு எத்தனை. பெட்டி மேலேயே கறுப்பு மார்க்கரில் நோட்டின் பக்க எண்ணைப் போட்டுவிடுகிறோம், கடை அலமாரியில் எங்கே இருந்தாலும் எந்தப் பக்கம் என்று தெரியும். மின்சாரச் சாமானுக்குச் சான்றிதழ் நகல் கேட்கிறேன், அதில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் ஒன்றா என்று பார்க்கிறேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைப் பிரித்து ஒயர்மேன் அண்ணனிடம் கொடுக்கிறேன், அந்த ஒன்று என் நஷ்டம். கடைசிப் பக்கங்கள் புகாருக்கு. கடைக்காரர் "ஒருத்தர் திருப்பிக் கொடுத்தார்" என்று போகிற போக்கில் சொன்னால்கூட எழுதி, ஏன் என்று கேட்கிறாள். இந்த வருஷம் ஒரு கொசு மட்டை அப்படித்தான் சிக்கியது. சார்ஜ் போடும்போது சூடாகிறது என்று இரண்டு கடையில் இருந்து தனித்தனியாகச் சொன்னார்கள். பக்கத்தைப் பார்த்தோம், ஒரே தொகுதி. மூன்றே நாளில் 40-இல் 37 திரும்பி வந்துவிட்டது.

சான்றிதழ் கேட்டதற்காக இரண்டு மொத்த வியாபாரிகள் எனக்குச் சரக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். "நீ என்ன அதிகாரியா?" என்று ஒருவர் போனில் கத்தினார். அந்தச் சரக்கு நின்றுவிடாது, வேறு வேனில் இதே கடைகளுக்குத்தான் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் என்னைப் போல வேன் ஓட்டுபவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். எல்லோரும் ஒரே பில்லை, ஒரே சான்றிதழைக் கேட்டால் கொடுக்காமல் அவர்களால் இருக்க முடியாது. நாலு பேர் பேசி ஒப்புக்கொண்டிருக்கிறோம். மற்றவர்களையும் கேட்கிறேன். உங்கள் பில்லில் பேர் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், தம்பிகளே.

73-இல் இதுவரை 53 கையில் வந்தது. கடைசியாக ஒன்று போன மாதம் வந்தது. ஒரு தாமானில் புதுமனைப் புகுவிழா, சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது குசினி மூலையில் தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால் வெள்ளை ஒயர் தெரிந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது பிளக்கைக் குனிந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மூன்று காலுக்கும் கறுப்பு உறை. வீட்டுக்கார மாமாவிடம் சொல்லி, மெயினை அணைத்துக் கழற்றி, வேனில் இருந்து புதுசை எடுத்து வந்து மாட்டினேன். "லயத்துல இருந்தப்ப வாங்கினதுப்பா, நல்லாதான் இருந்துச்சு" என்றார் மாமா.

இன்னும் 20 வெளியே இருக்கிறது. வெள்ளை ஒயர், நாலு பிளக் மாட்டும் இடம், ஓரத்தில் சிவப்பு சுவிட்ச், 2022 தீபாவளி நேரத்தில் சுங்கை சிப்புட், கோலகங்சார்ப் பக்கம் தோட்டத்துக் கடைகளில் விற்றது. உங்கள் வீட்டிலோ, இந்தப் பக்கம் இருந்து கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் மாறிப் போன சொந்தக்காரர் வீட்டிலோ இருந்தால், சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். வேறு ஒயர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு எடுத்துப் போகிறேன்.